பெலேமாவின் துணியில் இல்லாத இழைகள்

வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் பாரிசில் லா சப்பல் பக்கம் போனால் கால் தானாகவே பழைய கடையின் படியில் ஏறிவிடுகிறது. அண்மையில் ஒரு நாளும் அப்படித்தான் ஏறினேன். வன்னியிலிருந்து வந்து இப்போது அங்கே விற்பனை வேலையில் நிற்கும் சுகந்தி எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். ஆராவது பழைய துணி ஒண்டைத் தைக்கத் தந்தால், 'இந்த ஓட்டை இருக்கட்டுமோ, மூடவோ?' எண்டு கேக்கச் சொல்லி முதலாளி மதாம் ஒற்றைக் காலிலை நிக்கிறா. சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது. ஓட்டை இருக்கட்டும் எண்டு ஆர் அண்ணை சொல்லுவினம்?"

"ஒரு ஆள் சொல்லியிருப்பா. அவவிட்டை நாங்கள் கேக்கேல்லை," என்றேன்.

அதற்குள் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. எல்லார் கையிலும் போன், போனில் சேலைப் படம். இப்போது துணி வாங்குவது அப்படித்தான். சுகந்தி ஓடிவிட்டாள், கதை என் வாயிலேயே நின்றுவிட்டது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலே சொல்லவேண்டும். இந்தக் கதையில் வரும் நைஜீரியப் பெண்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தங்கள் ஊர்ப் பாஷைகளிலும் பேசியவர்கள். ஆனால் எனக்கு ஞாபகத்தில் வரும்போது எல்லாரும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் பேசுகிறார்கள். எப்படி மாறியது என்று தெரியவில்லை. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாரிசுக்கு வந்து முதலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், பிறகு சந்தையில் மூட்டை தூக்கினேன், பிறகு ஒரு குளிர்காலம் குளிருக்குப் பயந்து இந்தத் துணிக்கடைக்குள் நுழைந்தேன். பென்ஷன் எடுக்கும்வரை வெளியே வரவில்லை. நான் தொழில் பழகிய கதை அவ்வளவுதான்.

கடை முதலாளி மதாம் ரோஸ்லின், புதுச்சேரிக்காரர். அங்கே கன்னியாஸ்திரிகளிடம் ஊசி பிடிக்கப் பழகியவர். எல்லோரையும் 'மிஸியே', 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். தேநீர் கொண்டுவருபவனும் மிஸியேதான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைக்கும் நேரம் நீளமானால் கோபமும் பெரிது என்று அர்த்தம். கண்ணாடி கழன்றதும் நாங்கள் எல்லாரும் அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கனவே மடித்த துணியை மறுபடி மடிப்போம்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விற்கும் துணியோ தைக்க வந்த துணியோ, எதுவும் 'வெளிச்சம் பார்க்காமல்' வாசலைத் தாண்டக்கூடாது. இரண்டு பேர் துணியின் இரு ஓரத்தையும் பிடித்து, முன்கண்ணாடிக்கு எதிரே, தொய்யாமலும் இறுகாமலும் தூக்கவேண்டும். மதாம் நடுவில் நின்று மேலிருந்து கீழே வருவார். உள்ளங்கையால் தொடமாட்டார், புறங்கையால்தான் தடவுவார். உள்ளங்கை பொய் சொல்லும் என்பார். ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் அந்த இடத்தில் வெளிச்சம் ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்க்கும். "நோன்," இல்லை என்று பிரெஞ்சில் மெல்லச் சொல்வார். பிறகு அதே துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, ஊசியில் கோத்து, நெடுக்கே பாவோடு பாவாக, குறுக்கே ஊடையோடு ஊடையாக ஓட்டி மூடுவார். மூடிய இடத்தை அவரே திரும்பக் கண்டுபிடிக்கமாட்டார். அதில் அவருக்கு ரகசியமான பெருமை இருந்தது.

எனக்கு அந்த வேலை பிடிக்கும். பின்னேரங்களில், மேல் பாலத்தில் மெட்ரோ போகும்போது, கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் ஒருமுறை அசையும். தூக்கிப் பிடித்த துணிக்குள்ளும் அது அசையும். பச்சைச் சேலையென்றால் கடை பச்சையாகிவிடும், சிவப்பென்றால் மதாமின் முகம் சிவந்துவிடும். கை வலிப்பது மறந்து, நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதும் மறந்து நின்ற நேரங்கள் உண்டு.

சனிக்கிழமைகளில் நைஜீரியப் பெண்கள் வருவார்கள். அவர்களின் கொண்டாட்டம் என்றால் ஒரு குடும்பம் முழுக்க ஒரே துணியில் நிற்கவேண்டும். ஆகவே கூட்டமாக வருவார்கள், கூட்டமாகப் பேரம் பேசுவார்கள், பேரம் முடிந்ததும் போகமாட்டார்கள். முக்காலிகளில் உட்கார்ந்து நாட்டைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். தலைமுடிக் கடை வைத்திருந்த கிரேஸ் லாகோஸ் நகரத்துக்காரி. குரலும் நகரத்துக் குரல்.

"எங்கடை நாடு எழும்பும், இருந்து பாருங்கோ. எண்ணெய் இருக்கு. படிச்ச பிள்ளையள் இருக்கு. இனி என்ன வேணும்?"

"கரண்ட் வேணும்," என்பார் பெலேமா, மூலையிலிருந்து. எல்லாரும் சிரித்துவிடுவார்கள். கிரேசும் சிரிப்பார்.

நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன். அடுத்த தெருத் தேநீர்க் கடையில் எங்கள் ஆட்கள் அதே நேரத்தில் அதே சண்டையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மந்திரிமாரின் பெயர் மட்டும்தான் வேறு.

இந்தப் பெலேமாதான் சுகந்தியின் கேள்விக்குக் காரணம். நைஜீரியாவின் தெற்கே, ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் விழுகிற இடத்துக்காரர். கலபாரி என்று அவர்களுக்குப் பெயர். ஒல்லியான மனுஷி, அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. கிரேஸ் ஒருநாள் அவரைச் சீண்டினார்: "நீ முதலிலை நைஜீரியாக்காரியோ, கலபாரியோ?"

"மெட்ரோவிலை டிக்கெட் பாக்கிறவனுக்கு நான் ஆபிரிக்கா. உனக்கு நான் ஆத்தங்கரைக்காரி. என்ரை வீட்டுக்குள்ளை மட்டும்தான் நான் பெலேமா," என்றார் அவர். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் மினுங்கும் துணி வாங்கும்போது பெலேமா கட்டம் போட்ட பருத்தித் துணிதான் கேட்பார். மதராஸ் பக்கத்துத் தறிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக அவர்களின் ஆற்றங்கரைக்குப் போன துணி. பிள்ளை பிறந்தால் அதில் ஒரு துண்டு, ஆள் செத்தால் கட்டிலுக்கு அதே துணி. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். "இது சரி" என்பார், அல்லது "இது வெறும் பிரிண்ட்" என்று தள்ளிவிடுவார்.

"மதாம், உதை நாங்கள் வீட்டிலை இடுப்பிலை சாரமாக் கட்டுறனாங்கள்," என்று நான் ஒருநாள் வாயைக் கொடுத்துவிட்டேன்.

"இதைக் கட்டிக்கொண்டு என்ன செய்வியள்?"

"என்ன செய்யிறது, படுப்பம். குப்பை கொட்டப் போவம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து சாரத்தோடு குப்பை வாளி தூக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. துணியைப் பொதி செய்யும்போது அவர் எப்போதும் ஒன்று சொல்வார்: "மிச்ச வேலையை நான் வீட்டிலை செய்வன்." கரை அடிப்பதைச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பிறகு சில சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. சுகமில்லை என்றார் கிரேஸ். ஒரு மழைக்காலம் முழுக்க அவருடைய முக்காலி சும்மா இருந்தது. அந்தக் காலம் முடியும்போது அவருடைய மகள் போமா கடைக்கு வந்தாள். பாரிசுக்கு வெளியே கூசேன்விலில் குடியிருப்பவள், விமான நிலையத்தில் வேலை. சின்ன வயதிலேயே இங்கு வந்து, பிரெஞ்சை இந்த ஊர்ப் பிள்ளைகள் போலவே பேசுபவள். கையில் ஒரு பை. தாய் போய்விட்டார் என்றாள்.

அவள் சொன்னதை நான் அப்படியே தருகிறேன். தாய் சாகுமுன் தன்னை இங்கேயே புதைக்கச் சொல்லியிருக்கிறார், என் பிள்ளை நிற்கிற இடத்தில் போடு என்று. ஊரிலிருக்கும் பெரியம்மா, அதாவது பெலேமாவின் அக்கா, அதை நம்பவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவரும் சிரமம் பார்த்து மகள் கட்டிய கதை என்கிறார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அவர்கள் வழக்கப்படி இறந்தவரின் கட்டிலைக் குடும்பத் துணிகளால் அலங்கரிக்கவேண்டும். உடல் ஆஸ்பத்திரியில் பெட்டிக்குள் இருந்தாலும், மண்டபத்தில் ஒரு வெறுங்கட்டிலாவது துணியோடு இருக்கவேண்டும்.

"அம்மா இஞ்சை போடுற தன்ரை கட்டிலுக்கெண்டு கடைசியாத் தன்ரை கையாலை செய்த துணி இது," என்றாள் போமா, பையைத் தொட்டு. "இது கட்டிலிலை கிடந்தால் பெரியம்மா நம்புவா. இல்லாட்டி, ஊரிலை எனக்கு ஆரும் இல்லை எண்டு நினைக்கச் சொல்லிப்போட்டா. நான் ஊரிலை இருந்ததே கொஞ்சக் காலம். அங்கை எனக்கெண்டு மிஞ்சியிருக்கிறது அந்த மனுசியின்ரை வாய் மட்டும்தான்."

துணியின் ஓரம் பிரிந்திருந்தது. ஓரத்தை மட்டும் அடித்துத் தரும்படி மதாமிடம் கேட்டாள். மதாம் அவளைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்து அனுப்பினார்.

ஓரம் அடித்தாயிற்று. வெளிச்சம் பார்க்க நானும் இன்னொருவரும் தூக்கிப் பிடித்தோம். நடுப்பகுதிக்கு வந்ததும் மதாமின் புறங்கை நின்றது. அங்கே ஒரு முழ நீளத்துக்கு, இங்கொன்றும் அங்கொன்றுமாக, இழைகள் இல்லை. வெளிச்சம் சின்னச் சின்னச் சதுரமாக உள்ளே வந்தது.

"தறியிலேயே நூல் விட்டுப் போயிருக்கு, மிஸியே நவம்," என்றார் என்னிடம். கண்ணாடியைக் கழற்றினார். "இது நம்ம கடையிலே வாங்கின துணி. நான் வெளிச்சம் பார்த்தும் தப்பியிருக்கு பாருங்க. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லலியே. இப்படியேவா அவங்க கட்டில்லே போடறது?"

அடித்த ஓரத்தில் வெட்டி விழுந்த துண்டை எடுத்து, அதிலிருந்து இழை உருவினார். சாப்பாட்டு நேரத்திலும் எழும்பவில்லை. அடுத்த நாட்களும் அதே வேலைதான். கண் பிசகாமலிருக்க ஜன்னலருகே நாற்காலி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சதுரமாக மூடியது. இறந்த வாடிக்கையாளருக்கு ஒரு முதலாளி இதைவிட என்ன மரியாதை செய்யமுடியும் என்று நான் நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. முடிந்த அன்று துணியைத் தூக்கினோம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

சனிக்கிழமை போமா கிரேசோடு வந்தாள். துணியை விரித்தாள். திருப்பினாள். மறுபக்கம் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"என்ரை அம்மாவின்ரை துணி எங்கை?"

"இதுதான்," என்றார் மதாம்.

"இது இல்லை. மாறித் தந்திட்டியள்."

மதாம் முகம் மலர்ந்து விளக்கினார். நடுவில் இழை விட்டிருந்ததையும், அதே துணியின் இழையால் மூடியதையும், எந்த இடம் என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சொன்னார். போமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே மெட்ரோ போயிற்று. வெளிச்சம் அசைந்து நின்றது.

"அது ஓட்டை இல்லை," என்றாள். "அம்மா வெட்டினது. ஊசியாலை ஒரு இழையைத் தூக்கி, பிளேடாலை வெட்டி, உருவி எடுக்கிறது. எங்கடை பெண்கள் செய்யிற வேலை. கடையிலை வாங்கேக்கை அது உங்கடை துணி. இழையை எடுத்த பிறகுதான் எங்கடை துணி. வருத்தத்தோடை படுத்திருந்து வெட்டினவ. பாதியிலை கை ஓய்ஞ்சிட்டுது."

மிச்ச வேலையை வீட்டில் செய்வேன் என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மதாமின் கை கண்ணாடிக்குப் போனது, ஆனால் கழற்றவில்லை. வாசலுக்குப் போய், நல்ல வியாபார நேரத்தில், இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்தார். நான் அங்கே வேலை செய்த காலத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு போமாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எந்த இழைன்னு சொல்லும்மா. நான் எடுத்துடறேன்."

"எனக்குத் தெரியாது. அம்மா வெட்டேக்கை நான் ஒழுங்காப் பாக்கேல்லை. வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தன்."

மதாமுக்கும் தெரியவில்லை. அவர் கை வேலை அத்தனை சுத்தம். கிரேஸ்தான் பெரியம்மாவைப் போனில் கூப்பிடச் சொன்னார். திரையில் ஒரு முகம் வந்தது, பெலேமாவின் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் வயது ஏறினாற்போல. நடந்ததைச் சொன்னதும் முகம் இறுகியது. அவர்கள் பாஷையில் பேசி, போமா பிறகு விளக்கியதும், இடையிடையே ஆங்கிலத்தில் வெடித்ததும் எனக்கு இப்படித்தான் ஞாபகம்.

"அவளை இஞ்சை கொண்டுவா எண்டு சொன்னன். அங்கை துணி கூடத் தன்ரை முகத்தைத் துலைச்சுப்போடும்."

"அங்கை இருந்த அம்மாவின்ரை துணிப்பெட்டி மட்டும் இருக்கோ, பெரியம்மா? வெள்ளத்திலை போகேல்லையோ?"

"வெள்ளம் வந்தது, போனது. இப்ப றோட்டுப் போட்டாச்சு. பாலம் கட்டுறாங்கள். வெளியிலை இருக்கிற நீங்கள்தான் நாட்டை எப்பவும் படுக்கையிலை கிடக்கிற வருத்தக்காரன் மாதிரிப் பாக்கிறியள். நாங்கள் இஞ்சை சீவிக்கிறம்."

போமா பதில் சொல்ல வாயெடுக்க, திரை இருண்டது. திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. "கரண்ட் போயிருக்கும்," என்றார் கிரேஸ் மெதுவாக. பெலேமா இருந்திருந்தால் அந்த இடத்தில் சிரித்திருப்பார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

போமா கொஞ்ச நேரம் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "நீங்கள் வெளிச்சம் பாக்கிறனீங்கள் எண்டு அம்மா சொல்லுவா. தூக்கிப் பிடியுங்கோ."

நானும் கிரேசும் பிடித்தோம். கிரேசுக்கு அந்த வேலை தெரியாது. இழை வெட்டுவது தன் ஆட்களின் வழக்கம் இல்லை, ஆற்றங்கரை ஆட்களின் வழக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார், ஆனால் கை இறக்கவில்லை. போமா கண்ணாடி வெளிச்சத்துக்கு எதிரே நின்று துணியை நெடுநேரம் பார்த்தாள். விரலால் ஓரிடத்தைத் தொட்டாள். மதாம் ஊசியால் அந்த இழையைத் தூக்கினார். போமா பிளேடை வைத்தாள். வெட்டினாள். மதாம் உருவினார். ஒரு சொட்டு வெளிச்சம் உள்ளே வந்தது.

பிறகு வேலை அப்படியே ஓடியது. போமா தொடுவாள், மதாம் தூக்குவார், போமா வெட்டுவாள். மூட மட்டுமே பழகிய அந்தக் கை திறக்கவும் அத்தனை சுத்தமாகத் திறந்தது. உருவிய இழைகளை மதாம் என் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். வெளியே சனிக்கிழமைச் சனம், மீன் விலை கேட்பவர்கள், யாரோ வீட்டுப் பிள்ளை பிரெஞ்சில் அடம்பிடிக்கும் சத்தம், எல்லாம் பாதிக் கதவுக்குக் கீழே கால்களாக மட்டும் போய்க்கொண்டிருந்தன. மேலே மெட்ரோ போகும்போதெல்லாம் துணியில் திறந்த சதுரங்கள் ஒருமுறை நகர்ந்து திரும்பத் தங்கள் இடத்துக்கு வந்தன. நான் விழித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அந்தப் பின்னேரத்தை நினைத்தால் கனவில் நடந்தது போலத்தான் இருக்கிறது.

வந்தது தாயின் கோலம் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். போமாவுக்கும் தெரியும்.

கூசேன்விலில் ஒரு மண்டபத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். நானும் மதாமும் போனோம். மதாம் புதுச்சேரியிலிருந்து வந்த தன் நல்ல பட்டைக் கட்டியிருந்தார். கட்டிலின் நான்கு பக்கமும் கட்டத் துணி, நடுவில் அந்தத் துணி. ஆள் இல்லாத கட்டில் அவ்வளவு நிறைவாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தலைமாட்டில் ஒரு கதிரையில் போனை நிறுத்தி வைத்திருந்தார்கள். திரையில் பெரியம்மா. அவருக்குப் பின்னால் யாரோ வீட்டு ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

பெரியம்மா அன்று ஆங்கிலத்தில் பேசியதைக் கிரேஸ் எனக்குக் காதுக்குள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கிட்டக் கொண்டுவா," என்றார் பெரியம்மா. போமா போனைத் துணிக்கு மேலே பிடித்தாள். அவர் பார்த்தார்.

"இது அவள் வெட்டினது இல்லை."

"இல்லை, பெரியம்மா. நான் வெட்டினது."

திரையில் பெரியம்மாவின் முகம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம். ஒருவர் போனைத் தட்டப் போனார். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, ஆகவே இணைப்பு இருந்தது. போமா கையை இறக்கவில்லை. மதாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் குரல் வந்தது, எரிச்சலோடு, வீட்டில் வேலை செய்யும் பிள்ளையை அதட்டுவது போல:

"இடப்பக்கம் சுருங்கிக் கிடக்குது. இழுத்து விடு. உன்ரை அம்மாவுக்குச் சுருக்கம் கண்ணிலை காட்டக்கூடாது எண்டு உனக்குத் தெரியாதோ? அங்கை நிண்டு அழாதை. கால்மாட்டுக்குப் போ. நான் சொல்லச் சொல்லச் செய்."

போமா அழுதுகொண்டே கால்மாட்டுக்குப் போனாள். இடப்பக்க ஓரத்தைப் பிடித்தாள். யாரும் கூப்பிடாமலே மதாம் ரோஸ்லின் போய் வலப்பக்க ஓரத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் துணியைத் தூக்கினார்கள், தொய்யாமலும் இறுகாமலும்.